ஒன்றரைப் பொம்மை நீளம்

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு வேலைகள் தெரியும். ஒன்று, வீட்டை ரிப்பேர் செய்வது. மற்றது, ரிப்பேர் செய்த இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்திப் போட்டோ எடுப்பது. இரண்டாவது வேலையை அவர் மிக நன்றாகச் செய்வார்.

வீட்டுக்காரம்மா என்று நான் சொல்வது என் மனைவியை அல்ல. பரமத்தி வேலூரில், காவிரிப் பக்கம் போகிற சாலையில் நாங்கள் மூன்று வருடம் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் சொந்தக்காரரை. அவர் கீழே, நாங்கள் மேலே. அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் தெரியும், எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி ஏற்கெனவே நான் எழுதியதே போதும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் அருகே ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் துறை விரிவுரையாளர். சுவரில் விரிசல் ஏன் விடுகிறது, கூரை ஏன் ஒழுகுகிறது என்று கரும்பலகை நிறையப் படம் போட்டு விளக்குவேன். என் வீட்டில் குழாய் ஒழுகினால் வாளியை நகர்த்தி வைப்பேன்.

அக்காவின் கணவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மேனேஜர் வேலை. வருடத்தில் முக்கால்வாசி வடக்கே எங்காவது ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பார். மழை பிடித்து வண்டி நின்றால்தான் ஊர். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே கீழ்வீட்டில் குடியிருந்தது அக்கா, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பொம்மை.

அந்தப் பொம்மை யாருடைய நினைவாகவும் வைத்திருந்ததல்ல. எங்களுக்கு முன்னால் மாடியில் இருந்தவர்கள் பரணில் போட்டுவிட்டுப் போனது. சரியாக ஒரு சாண் உயரம், மஞ்சள் முடி, படுக்க வைத்தால் ஒரு கண் மட்டும் மூடும். அது கிடைத்த நாளில் கீழ்வீட்டுச் சுவரோரம் பைப் உடைந்திருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரருக்கு அக்கா போட்டோ அனுப்ப, அவர், “போட்டோவுல நீளம் தெரியலீங்களேக்கா” என்றிருக்கிறார். அக்கா பொம்மையைப் பைப் பக்கத்தில் நிறுத்தி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பினார். பிறகு பொம்மையையே கடைக்குக் கொண்டுபோய், “இந்த ஒசரத்துல ஒண்ணரை வெட்டுங்க” என்றார்.

அதிலிருந்து பரமத்தி வேலூரில் ஒரு புது அளவு புழக்கத்துக்கு வந்தது. “ஒண்ணரை பொம்மை பைப்பு, ரெண்டு எல்போ.” கடைக்காரர் முதல் மாதம் சிரித்தார். இரண்டாம் மாதம் மேசை ஓரத்தில் பொம்மையைப் படுக்க வைத்து ஸ்கெட்ச் பேனாவில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டார். அளவுகளைப் பற்றி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஒரு வாரம் பாடம் எடுக்கிறேன். அந்த இரண்டு கோட்டில் அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

அளவுக்காக வந்த பொம்மை அளவோடு நிற்கவில்லை. சிமெண்ட் சாக்கில் அதற்கு ஒரு மேலங்கி வந்தது. பாட்டில் மூடியில் தொப்பி வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படம், அடியில் ஒரு வரி. பொம்மை ஸ்பேனரைத் தோளில் சாய்த்து நிற்கும்: ‘வாஷர் மாத்தியாச்சு.’ வெள்ளை சிமெண்ட் டப்பாமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்: ‘டைல்ஸ் சந்து அடைச்சாச்சு.’ ஒருநாள் தவறியதில்லை. வீட்டில் எதுவும் கெட்டுப்போகாத நாட்களும் இருக்கத்தானே செய்யும். அந்த நாட்களில் அக்கா நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைச் சந்தேகமாகப் பார்ப்பார். மறுநாள் அது ரிப்பேரில் இருக்கும்.

“ஒரு பிளம்பரைக் கூப்பிடலாமேக்கா” என்று நான் நயமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

“அதுக்கெதுக்குங்க சார் ஆளு?” என்பார். அவருடைய வேதம் அந்த ஒரு வரிதான்.

ஆள் எதற்கு என்று நாங்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். மாடியில் சூரிய ஒளி வெந்நீர்க் குழாயை அவரே இணைத்த வாரம், குளியலறைக் குழாயில் பச்சைத் தண்ணீரும் கழிப்பறைத் தொட்டியில் கொதிநீரும் வந்தன. பெரிய ஓட்டல்களில்கூட இந்த வசதி இருக்குமா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சுவிட்ச் போர்டை மாற்றினார். அதற்குப் பிறகு எங்கள் ஹாலில் ஃபேன் சுவிட்சைப் போட்டால் கீழ்வீட்டில் காலிங் பெல் அடித்தது. அக்கா மூச்சு வாங்கப் படியேறி வருவார்.

“கூப்ட்டீங்களா சார்?”

“இல்லீங்க்கா. வேர்த்துச்சு.”

இரண்டையும் அவரே பிறகு சரிசெய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கும். அதற்கு முன் நான் கூட்டிவந்த மூன்று கொத்தனார்கள் பார்த்துவிட்டு வாட்டம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது எனக்கே தெரியும். அக்கா நான்கு நாள் தரையைக் கொத்தி, ரசமட்டம் வைத்து, மறுபடி ஓடு பதித்தார். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு நிற்காமல் ஓடியது. அன்றைய படத்தில் பொம்மை ஒரு காகிதக் கப்பலில் உட்கார்ந்து சாக்கடை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் படத்தைச் சேமித்து வைத்தேன். எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தோம். குழுவின் பெயர் ‘தலைமைப் பொறியாளர்’. ஆரம்பித்தது நான். தினமும் காலை பஸ்ஸில் உட்கார்ந்து அக்காவின் ஸ்டேட்டஸைப் படம் பிடித்து, கீழே எனக்குத் தோன்றும் வரியைச் சேர்த்து அனுப்புவேன். ‘தலைமைப் பொறியாளர் இன்று கழிவுநீர்த் திட்டத்தைப் பார்வையிட்டார்.’ ‘பொறியாளருக்கு ஒரு கண் மூடாது, ஒப்பந்தக்காரருக்கு இரண்டுமே மூடியிருக்கிறது.’ முதல் பீரியடுக்குள் எட்டு பேரும் சிரித்து முடித்திருப்பார்கள். பதினாறு வருடம் பாடம் நடத்தி எனக்குக் கிடைக்காத ரசிகர்கள்.

படங்கள் உண்மையில் நன்றாக இருக்கும். குளியலறை வெளிச்சத்துக்காக அவர் ஈரத்தரையில் குப்புறப் படுத்து, வென்டிலேட்டர் வழியாக வெயில் இறங்கும்வரை காத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில் உடைந்த பைப்பின் விளிம்பில் பொம்மை கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். பின்னால் ஒரு சொட்டு நீர், விழப்போகிறது, இன்னும் விழவில்லை, அந்தச் சொட்டுக்குள் ஜன்னல் முழுவதும் தலைகீழாகத் தெரியும். பஸ்ஸில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு கேலி வரி எழுதி அனுப்பினேன்.

ஆத்தூரிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது நடந்தது வேறு விதம். வடகம் காயவைக்கக் காலையில் மொட்டைமாடிக்குப் போனவர், போன வேகத்தில் இறங்கி வந்தார். “ஏம்ப்பா, மேல யாரோ செய்வினை வெச்சிருக்காங்க. பொம்மைய கயித்துல கட்டித் தொங்க உட்டிருக்கு.”

நான் விளக்குவதற்குள் அக்காவே பிரஷ்ஷும் கையுமாக வந்துவிட்டார். “பயந்துட்டீங்களாம்மா? அது டேங்க்கு கழுவுதுங்க.”

இந்த விளக்கத்தால் மாமியாரின் பயம் குறையவில்லை. மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். கிளம்புமுன் தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மாமியாரை மூன்று நாள் முன்னதாக ஊருக்கு அனுப்பிவைத்த பொம்மையைப் பற்றி நான் அன்று குழுவில் நன்றியுரை எழுதினேன். தெருவில் அந்த இரண்டு பேர், நான்கு பேராகி, பொம்மையை வைத்து அக்கா ஏதோ பூசை செய்கிறார் என்று பேச்சு ஆனது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அடுத்த நாளுக்கு வரி வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் அந்த வரியை எழுதினேன். அக்கா கேட் கீல், கதவுத் தாழ்ப்பாள், மோட்டார் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி மாட்டியிருந்தார். பொம்மை ஒரு நட்டுக் குவியலின் மேல் வெற்றியோடு நின்றது. கீழே நான் எழுதினேன்: ‘வீட்டிலுள்ள எல்லா மறையையும் முடுக்கிவிட்டார், ஒன்றைத் தவிர.’

எட்டு பேர் சிரித்தார்கள். மெக்கானிக்கல் துறைக்காரர் ஒருவர் பழைய வரிகளோடு சேர்த்துத் தன் மனைவிக்கும் அனுப்பினார். அவருடைய மனைவி, அக்காவின் கணவருடைய அண்ணனுக்குத் தூரத்து உறவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான்.

அந்த அண்ணனை நாங்கள் பெரியவர் என்போம். வெற்றிலை மண்டி வைத்திருந்தார். சாலையோரம் இருக்கும் அக்கா வீட்டுக் காம்பவுண்டை இடித்துவிட்டு வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விடவேண்டும் என்பது அவருக்குப் பல நாள் எண்ணம். வீடு அக்காவின் பெயரில் இருந்தது. அக்கா முடியாது என்றார். பெரியவர் தம்பியைப் பிடித்துப் பார்த்தார். தம்பி அவளைக் கேளுங்க என்றார். அப்படிப்பட்ட நேரத்தில் என் வரிகள் அவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கீழே வரச் சொல்லி ஆள் வந்தது. ஹாலில் பெரியவர், அவர் மனைவி, மோகனூரிலிருந்து அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். மேசைமேல் ஒரு போன், ஸ்பீக்கரில் அக்காவின் கணவர். பின்னணியில் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. அக்கா கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. வேலையின் நடுவே கூப்பிட்டிருக்கிறார்கள்.

“வாங்க சார், உக்காருங்க” என்றார் பெரியவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனிலிருந்து படிக்கத் தொடங்கினார். கழிவுநீர்த் திட்டம். ஒப்பந்தக்காரர். மாமியார் நன்றியுரை. என் வரிகளை இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆசிரியர் அறையில் சிரிப்பை வரவழைத்தவை எல்லாம் அந்த ஹாலில் புகார் மனுபோல் இருந்தன. கடைசியாக மறை.

“இத எழுதுனது ஆருன்னு நெனக்கறீங்க?” என்று மோகனூர்க்காரரைக் கேட்டார் பெரியவர். “ஒசக்க குடியிருக்கற இந்த சாருதான். படிச்ச மனுசன். அதும் கட்டட வேல சொல்லிக் குடுக்கறவரு. தெனமும் பாத்துட்டு எழுதியிருக்கறாரு.”

போனிலிருந்து அக்காவின் கணவர் பேசினார். “அண்ணா, நானுமே இங்கிருந்து ஸ்பேர் கேட்டு போட்டோ அனுப்பறப்ப பக்கத்துல தீப்பெட்டிய வெச்சுத்தான் அனுப்பறேன். அளவு தெரியோணுமில்ல. அவ பொம்மைய வெக்கறா. உடுங்க.”

“தீப்பெட்டிக்கு நீ தொப்பி தெச்சுப் போடறியா?” என்றார் பெரியவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க சார். உங்களுக்கு இதுல லாபமுமில்ல, நட்டமுமில்ல. இது புத்தி சரியா இருக்கற பொம்பள பண்ற வேலைங்களா?”

சரி என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என் வாய்க்கு எதையும் ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாது. தமாஷுக்கு எழுதினேன் என்றால் என் கௌரவம் போகும். உண்மையாக எழுதினேன் என்றால் அக்கா போவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தேன். நடுநிலையான இடம்.

“எனக்கு அதப்பத்தி முடிவாச் சொல்லத் தெரியாதுங்க” என்றேன். “ஒரு டாக்டரப் பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதிதானுங்களே.”

பெரியவர் மேசைமேலிருந்த போனைப் பார்த்தார். பிறகு அக்காவின் கணவர், “சாரே சொல்றாருன்னா… சரி, பாத்துருங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒழுகும் பைப்பில் எந்த மூட்டு விட்டிருக்கிறது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

“போலாங்க மாமா” என்று பெரியவரிடம் சொன்னார். “நீங்க யாரும் வரவேண்டாம். சொன்னது சாரு, சாரே கூட வரட்டும்.”

மேலே வந்ததும் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சாப்பாடு போட்டாள். அன்று மாலை சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினாள். அது எப்போது கற்றுக்கொண்டது என்று கேட்டதற்கு, “ஒரு வருஷமாச்சு” என்றாள்.

புதன்கிழமை விடுப்பு போட்டுவிட்டு அக்காவோடு சேலம் பஸ் ஏறினேன். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில், நடுவே ஒரு துணிப்பையில் பொம்மை. பஸ் நாமக்கல்லைத் தாண்டியது. புதன்சந்தை நிறுத்தம் வரும்போது அவராகவே ஆரம்பித்தார்.

“அந்த மறை எழுதுனது நல்லா இருந்துச்சுங்க சார். நானே சிரிச்சுட்டேன்.”

நான் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத என்ற மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேருமாச் சிரிச்சிருக்கலாம்.”

பிறகு அவர் பிளம்பரைப் பற்றிச் சொன்னார். பல வருடம் முன்னால் வீட்டில் மோட்டார் லைன் உடைந்து முற்றமெல்லாம் தண்ணீர். கூப்பிட்டனுப்பிய ஆள் வந்து நின்று, “ஊட்ல ஆம்பளைங்க இல்லீங்களா? அவுங்க வரட்டும், பேசிக்கலாம்” என்று சொல்லி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். கணவரோ ராய்ப்பூர்ப் பக்கம். “அந்தாளு பீடி பத்த வெச்சு உக்காந்திருக்கறான். தண்ணி ஓடீட்டே இருக்குது. நானே எறங்கி வால்வ மூடினேன். மூடறதுக்கு அஞ்சு நிமிசங்கூட ஆகலீங்க. இதுக்கா இத்தன நாளு ஆளத் தேடிட்டு இருந்தோம்னு ஆயிருச்சு.”

“பொம்மை எதுக்குங்க்கா?” என்றேன். இரண்டு வருடமாகக் கேலி எழுதியவன் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டேன்.

“வேல முடிஞ்சுதுன்னா யாருக்காச்சும் காட்டோணும்னு இருக்குமில்லீங்க. உங்க மாதிரி ஆளுங்களுக்குக் காட்டுனா, ஆயிரம் நொட்டை சொல்லுவீங்க.” வெளியே பார்த்துக்கொண்டார். “ஆனாலும் பாருங்க, கடைசியில உங்களுக்குத்தான் காட்டிட்டு இருந்திருக்கறேன்.”

சேலத்தில் மனநல மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. இருவரும் உள்ளே போனதும் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“எனக்குத்தானுங்க” என்றார் அக்கா. “சொல்லப்போறது இவரு.”

“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

“மாடியில குடியிருக்கறேன்.”

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். “சரி, சொல்லுங்க. என்ன செய்யறாங்க?”

வீட்டு வேலைகளைத் தானே செய்கிறார் என்றேன். செய்ததைத் தினமும் போட்டோ எடுத்துப் போடுகிறார் என்றேன். படத்தில் ஒரு பொம்மை இருக்கும் என்றேன். கேலி வரி சேர்க்காமல் சொல்லும்போது விஷயம் அவ்வளவுதான் இருந்தது. வேறு ஏதாவது என்றார். யோசித்துப் பார்த்தேன். கழிப்பறையில் ஒரு வாரம் வெந்நீர் வந்தது என்றேன்.

“அதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க” என்றார் மருத்துவர்.

பிறகு அக்காவிடம் தூக்கம், சாப்பாடு, பயம், அழுகை என்று நெடுநேரம் கேட்டார். “பொம்மை உங்ககிட்ட பேசுமா?” என்றும் கேட்டார்.

“பேசாதுங்க. அதனாலதான் கூட வெச்சுக்கறேன்.”

மருத்துவர் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த நீர்ச்சொட்டுப் படத்தில் நிறுத்தினார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா. போய்ட்டு வாங்க” என்றார்.

“அத ஒரு சீட்டுல எழுதிக் குடுக்க முடியுங்களா?”

“இல்லாத வியாதிக்கு என்னன்னு எழுதறது? இவரு போய்ச் சொல்லட்டும். இவருதானே சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்காரு.”

மறுநாள் நான் வெற்றிலை மண்டிக்குப் போனேன். பெரியவர் ஈரச் சாக்கு போட்டு மூடிய கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். நான் எழுதியதும் தப்பு, அன்று ஹாலில் சொன்னதும் தப்பு என்றேன். என் நினைவில், சுற்றிவளைக்காமல் நான் பேசிய மிகச் சில பேச்சுகளில் அது ஒன்று.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அன்னைக்குப் பாக்கோணும்னீங்க. இன்னைக்கு ஒண்ணுமில்லைங்கறீங்க. எதைங்க சார் நம்பறது?”

“இன்னைக்குச் சொல்றத நம்புங்க.”

“எழுத்துல இருக்கறது முன்னாடி சொன்னதுதானுங்களே” என்றார். வெற்றிலையை எண்ணப் போய்விட்டார்.

மழை பிடித்ததும் ரிக் நின்றது, அக்காவின் கணவர் வந்தார். அண்ணனும் தம்பியும் ஒருநாள் முழுவதும் பேசினார்கள். கடை கட்டும் பேச்சு அத்தோடு நின்றது. அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு இல்லை. என் பங்கு வேறு இடத்தில் இருந்தது. குழுவைக் கலைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து, ஹார்டுவேர் கடையில் பல்பு வாங்க நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் கடைக்காரரிடம் வழி கேட்டார். கடைக்காரர் சொன்னார்: “நேராப் போங்க, மறையக்கா ஊட்டுக்கு எதுத்தாப்ல.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் பல்பைச் சோதிக்கத் தொடங்கினார்.

“எல்லாரும் அப்படியா சொல்றாங்க?” என்றேன்.

“அப்படியே பழகிப்போச்சுங்க சார். அக்காவுக்கே தெரியும். அவுங்க ஒண்ணும் நெனச்சுக்கறதில்ல.”

பதினாறு வருடத்தில் என் மாணவர்கள் மறந்துபோன எத்தனையோ வரிகளைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஊர் மறக்காமல் வைத்துக்கொண்ட ஒரே ஒரு வார்த்தை அது.

தை பிறந்ததும் அக்கா படியேறி வந்தார். பால் பாத்திரத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, என்னிடம், “சார், மேல வேல கொஞ்சம் இருக்குதுங்க. தளத்தக் கொத்தோணும். ரெண்டு மாசத்துல வேற ஊடு பாத்துக்கறீங்களா?” என்றார். முகத்தில் எப்போதும் இருக்கும் அதே மரியாதை. எந்தத் தளம், எங்கே விரிசல் என்று நான் கேட்கவில்லை. என் துறைதான், கேட்டிருக்கலாம். மாடியில் எந்தத் தளத்திலும் விரிசல் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காலி செய்த அன்று அவர் என் மனைவியைக் கட்டிக்கொண்டு, “போய்ட்டு வா சாமி” என்றார். எனக்குக் கை கூப்பினார். அந்த வாரத்திலேயே அவருடைய ஸ்டேட்டஸ் எனக்குத் தெரிவது நின்றது.

இப்போது நாமக்கல்லில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பெங்களூரில். போன் செய்தால் மறுநாள் பிளம்பர் வருகிறார். சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது. அந்த வீட்டைப் பற்றி எழுத ஒரு வரிகூட இல்லை.

போன மாதம் ஒரு காலையில் என் மனைவி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். தொட்டில் கம்பியை அக்காவே மாட்டியிருக்கிறாராம்.

“ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துரலாமா?” என்றேன்.

“நான் போன வாரமே போய்ட்டு வந்துட்டேன்” என்றாள்.

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“சொன்னா நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்க.”

அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல பதில்தான். ஆசிரியர் அறையில் சொல்லியிருந்தால் எட்டு பேரும் சிரித்திருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன்.